ஜாக்சனின் ‘செவ்வியல் மின்னியக்கவியல்’: ஒரு மதிப்பீடு

ஜான் டேவிட் ஜாக்சன் எழுதிய ‘செவ்வியல் மின்னியக்கவியல்’ முதுநிலை இயற்பியல் மாணவர்களுக்கான ஆங்கிலப் பாடநூல். இதன் முதற்பதிப்பு 1962-இலும், இரண்டாம் பதிப்பு 1975-இலும், மூன்றாம் பதிப்பு 1998-இலும் வெளிவந்தன. கடினமான பயிற்சிக் கணக்குகளுக்குப் பெயர்பெற்ற நூல் இது. தென்காசி, குற்றாலம் போன்ற ஊர்களில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து முதுநிலைக்கு வரும் மாணவருக்கு இந்நூல் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

நூலின் சிறப்பு

மேக்ஸ்வெல் சமன்பாடுகள் முழு வடிவில் ஆறாம் இயலில்தான் பேசப்படுகின்றன. அதற்கு முந்தைய இயல்களில் பெரும்பகுதி எல்லை மதிப்புக் கணக்குகளே. கிரீன் சார்பு முதல் இயலிலும், லெஜாண்டர் பல்லுறுப்புக்கோவைகள் மூன்றாம் இயலிலும் வருகின்றன. கணித முறைகள் இங்கே தனிப்பாடமாக நிற்காமல், மின்புலத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளாக வேலை செய்கின்றன. நூலின் பெரும் சிறப்பு இதுவே.

நம் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கணித இயற்பியல் ஒரு தாள், மின்காந்தக் கொள்கை வேறொரு தாள். முதல் தாளில் லெஜாண்டர் சமன்பாட்டின் தீர்வை மனப்பாடமாக எழுதும் மாணவர், இரண்டாம் தாளில் அதே சமன்பாடு வரும்போது அடையாளம் காண்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

குற்றாலச் சாரலின் ஒரு சிறு நீர்த்துளியைக் கோளமாகவும், தூய நீரை மின்கடத்தாப் பொருளாகவும் கொள்வோம். மேகத்தின் மின்புலம் துளியருகே சீரானது என்க. மின்னழுத்தத்தை முடிவிலாத லெஜாண்டர் தொடராக எழுதலாம். ஆனால் தொலைவில் உள்ள சீரான புலத்தின் மின்னழுத்தம் கோணத்தின் கொசைனை மட்டுமே சார்ந்தது. லெஜாண்டர் சார்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால், எல்லை நிபந்தனைகளை ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே எழுதலாம். அப்போது முதல் வரிசை உறுப்பைத் தவிர மற்றவை சுழியாகின்றன.

நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80. எனவே துளியின் உள்ளே புலம் 82-இல் 3 பங்காக, அதாவது ஏறக்குறைய 27-இல் ஒரு பங்காகக் குறைகிறது. புலத்தின் திசையில் துளியின் வெளிமுனையில் அது ஏறக்குறைய 2.9 மடங்காகிறது. உலோகக் கோளமாயின் உள்ளே சுழி, முனையில் சரியாக 3 மடங்கு. நிலைமின் புலத்தில் நீர்த்துளி உலோகத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பது இதிலிருந்து தெரியும்.

குறைகள்

சீரான புலத்தில் மின்கடத்தாக் கோளம் என்ற இக்கணக்கை ஜாக்சன் நான்காம் இயலில் மிகச் சுருக்கமாக முடித்துவிடுகிறார். மற்ற உறுப்புகள் ஏன் மறைகின்றன என்பதை மாணவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். 1981-இல் முதலில் வெளிவந்த கிரிஃபித்ஸின் அறிமுக நூல் இத்தகைய படிகளைப் பொறுமையாக விளக்குகிறது.

இன்னொரு இடர் அலகுமுறை. மூன்றாம் பதிப்பின் முதல் பத்து இயல்கள் எஸ்.ஐ. அலகிலும், பின்னுள்ளவை காஸ் அலகிலும் உள்ளன. கூலும் விதியில் இருந்த ‘நான்கு பை’ திடீரென மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கு இடம் மாறுவதைக் கண்டு மாணவர் திகைக்கிறார்.

கடினமே பயிற்சி என்று இந்நூலுக்கு ஆதரவாகச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. இயற்பியலின் கடினம் வேறு, எழுதாமல் விட்ட படியின் கடினம் வேறு. மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் தொகையீட்டு வடிவத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழிலேயே படித்தவர், மொழியும் மாறி, படிகளும் விடுபட்ட பக்கத்தைப் பார்த்ததும் தனக்கு இயற்பியல் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அவருக்கு வேண்டியிருப்பது அரைப்பக்கக் கணக்கு. நல்ல மாணவர்களை நாம் இழப்பது இந்த இடத்தில்தான்.

மதிப்பீடு

ஜாக்சனின் நூல் இரண்டாவதாகப் படிக்க வேண்டிய நூல். முதலில் கிரிஃபித்ஸைப் படித்து, கணிதத்துக்கு ஆர்ஃப்கனின் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு ஜாக்சனின் முதல் ஐந்து இயல்களுக்கு வருவது நல்லது. விடுபட்ட ஒவ்வொரு படியையும் நோட்டில் தமிழில் எழுதி நிரப்பலாம். நெட் தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தில் கணித முறைகளும் மின்காந்தக் கொள்கையும் அடிப்படைப் பகுதியிலேயே இருப்பதால், இந்த உழைப்பு தேர்விலும் பயன்படும். ஆசிரியர்கள் லெஜாண்டர் சமன்பாட்டை நடத்தும் வாரத்திலேயே கோளக் கணக்கையும் நடத்தினால், இரண்டு தாள்களும் ஒரே பாடம் என்பது மாணவருக்குப் புரியும்.