கூட்டினால் வராத எடை

தமிழில் அறிவியலை எளிமையாகச் சொல்ல வரும் கட்டுரைகளில் ஒரு செங்கல் தவறாமல் வந்துவிடும். அணு ஒரு செங்கல், உள்ளே புரோட்டான் இன்னொரு செங்கல், குவார்க் கடைசிச் செங்கல். இந்த உவமைமேல் எனக்குத் தீராத புகார் உண்டு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அந்தக் கணக்கு சரிதான். சேஸிஸ் எடையையும் பாடி எடையையும் கூட்டினால் எடைமேடை காட்டுகிற எண் வந்துவிடும். குவார்க் விஷயத்தில் வராது.

பையான் என்ற மெசானில் ஒரு குவார்க், ஒரு எதிர்க்குவார்க், அவ்வளவுதான். நிறை சுமார் 138 எம்இவி. (ஒப்பிட்டுப் பார்க்க: புரோட்டான் 938.) ரோ மெசானிலும் அதே வகைக் குவார்க்குகள்தான், ஆனால் நிறை 775. அதே சரக்கு, ஐந்து மடங்குக்கு மேல் எடை! பையானில் இரண்டின் தற்சுழற்சியும் எதிரெதிர் திசையில், ரோவில் ஒரே திசையில். வித்தியாசம் இதிலிருந்துதான் வருகிறது என்கிறது குவார்க் மாதிரி.

செல்டோவிச், சகாரோவ் இருவரும் 1966-இல் இப்படியொரு சூத்திரத்தை எழுதினார்கள். 1975-இல் டி ருஹூலா, ஜார்ஜி, கிளாஷோ மூவரும் அதற்கு வலுவிசைக் கோட்பாட்டில் அடித்தளம் போட்டார்கள். இரண்டு குவார்க் நிறைகளைக் கூட்டு, சுழற்சிக்கான பங்கைச் சேர். குவார்க் கனமானால் அந்தப் பங்கு குறையும். தேவைப்படுவது மூன்றே எண்கள்: லேசான குவார்க்குக்கு 308, ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குக்கு 483, சுழற்சிக்கு 159.

பையான் 139, ரோ 775 என்று கச்சிதமாக வருகிறது. இங்கேதான் விமர்சகன் கொஞ்சம் முரண்டு பிடிக்கணும். 308-உம் 159-உம் அந்த இரண்டு மெசான்களிலிருந்தே எடுத்தவை. டிரெய்னிங் டேட்டாவையே டெஸ்ட் டேட்டாவாகக் காட்டினால் என் டீமில்கூட யாரும் கைதட்ட மாட்டாங்க.

நிஜமான பரீட்சை கேயான். அதற்கும் அதன் கனமான ஜோடிக்கும் இடைவெளி 405 இருக்கணும் என்கிறது சூத்திரம். அளந்தால் 398. ஈட்டாவுக்கு 561 என்கிறது, அளந்தால் 548. இதற்குத் தாராளமாகக் கைதட்டலாம்.

அடுத்தது ஈட்டா-பிரைம். சூத்திரம் சொல்வது 350, அளந்தது 958. இதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் அழிந்து குளுவான்களாகி மீண்டும் பிறக்கும் நாடகம் இந்தச் சூத்திரத்தில் எழுதப்படவே இல்லை. ஏன் இவ்வளவு கனம் என்பதற்கான வழியை 1976-இல் ஜெரார்ட் 'ட் ஹூஃப்ட் காட்டினார். விடை செங்கல்லில் இல்லை, வெற்றிடத்தின் அமைப்பில் இருந்தது.

சரியாக வந்த பையானுக்குள்ளும் இன்னொரு கதை ஒளிந்திருக்கிறது. லேசான குவார்க்குகளின் சொந்த நிறை சில எம்இவிதான். 308 என்பது குவார்க் தன்னைச் சுற்றியுள்ள வலுவிசைப் புலத்தோடு சேர்ந்து காட்டும் எடை. பையான் இத்தனை லேசாக இருப்பதற்குக் காரணம் ஒரு சமச்சீர்மை உடைந்திருப்பது என்று குவார்க் என்ற பெயரே வராத காலத்தில், 1960 வாக்கில், நாம்பு கண்டுகொண்டார். அதாவது எண் சரியாக இருக்கிறது, காரணம் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது.

நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் மார்க் கலாச்சாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும். விடை பொருந்தினால் மார்க், பொருந்தாவிட்டால் அடித்துவிட்டு அடுத்த கேள்வி. அந்தப் பழக்கத்தில் பையானுக்கு முழு மார்க் போட்டு, ஈட்டா-பிரைமைச் சாய்ஸில் விட்டுவிடுவோம். நாம் எழுதும் அறிவியல் கட்டுரைகளும் அதையேதான் செய்கின்றன. வாசகர் குழம்பிவிடுவார் என்று பயந்து, பொருந்தாத எண்ணை மறைத்துவிடுகிறோம்.

ஒரு நாவலின் எல்லாப் பக்கங்களையும் விளக்கிவிடுகிற வாசிப்பை நாம் சந்தேகப்படுவோம் இல்லையா? குவார்க் மாதிரியையும் அப்படித்தான் படிக்கணும். மூன்று எண்களை வைத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்தது பெரிய விஷயம். 350-க்கும் 958-க்கும் நடுவில் எங்கே நின்றுவிட்டது என்று துல்லியமாகக் காட்டியது அதைவிடப் பெரிய விஷயம். அடுத்து எழுதுபவர்கள் செங்கல்லை விட்டுவிட்டு அந்த இடைவெளியிலிருந்து தொடங்கட்டும்.