எழுதக் கற்றுத் தரும் நூல்களும் நம்மட மாத்தளையும்

எழுதக் கற்றுத் தரும் தமிழ் நூல்களில் ரா.கி. ரங்கராஜனின் ‘எப்படிக் கதை எழுதுவது?’ இன்னமும் வாசிக்கச் சுவையானது. கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறார். ஆனால் அவர் ‘குமுதத்தில்’ இருந்தவர். கதை வாங்க வாராவாரம் சஞ்சிகைகள் காத்திருந்த ஊர் அது. மாத்தளையில் எழுதுகிறவருக்கு அந்த வசதி ஏது? கைக்காசு போட்டு அச்சடித்து, முதற்பிரதி வாங்க ஒரு ஹாஜியாரைத் தேடுவதும் இங்கே எழுத்துத் தொழிலில் ஒரு பாடம்தான்.

அந்தக் கஷ்டத்தை டொமினிக் ஜீவாவின் சுயசரிதையான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ ஒளிக்காமல் சொல்கிறது. சலூன் தொழிலாளியாக இருந்து 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கியவர் அவர். நம்மட பக்கம் கூடுதலாகக் கைக்கு வருவது விபரத்திரட்டுகளே. சும்மா சொல்லக்கூடாது, புன்னியாமீன் தனிமனிதராகச் செய்த வேலை பெரியது. அவர் இல்லாவிட்டால் பல பெயர்கள் மறைந்தே போயிருக்கும். ஆனாலும் பிறந்த இடம், பெற்றோர், நூல்கள், விருதுகள் என்று விண்ணப்பப் படிவம் போலத்தான் அவை ஓடுகின்றன. எழுத்து எப்படி உருவானது என்பதற்கு அங்கே கட்டம் இல்லை.

பண்ணாமத்துக் கவிராயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘காற்றின் மௌன’த்தில் உள்ள மொழிபெயர்ப்புகள் தமிழாகவே நடக்கின்றன. ஒரு சொல்லை வைத்ததும் இன்னொன்றை வெட்டியதும் எதற்காக? எந்தத் திரட்டிலும் பதில் கிடைக்காது. மாத்தளையின் மூத்த எழுத்தாளர் வீடுகளுக்கு நம்மட பட்டதாரிகள் ஒலிப்பதிவுக் கருவியோடு போகட்டும். வெட்டித் திருத்திய கொப்பிகளையும் கேட்டு வாங்கட்டும், அவை பழைய பேப்பர்காரனின் தராசுக்குப் போகுமுன்.