மனவடுவும் உடல்நோயும்

தயா சோமசுந்தரம் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’, போர் இலங்கைத் தமிழர் உள்ளத்தில் விளைத்த கேட்டை ஆராயும் நூல். நம்மவர் மனத்துயரைத் தலையிடியென்றும் நெஞ்சுநோவென்றுமே மருத்துவரிடம் முறையிடுகின்றனர் என்பதை எடுத்துக்காட்டுவது அதன் பெருஞ்சிறப்பு.

அந்நோ பொய்யன்று. ஓயாத அச்சம் உறக்கத்தைக் கெடுத்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தி, நாளடைவில் இதயநோய்க்கும் வழிகோலக்கூடும். படுவான்கரையிலே, 1991 யூனில் கொக்கட்டிச்சோலையில் மகனைப் பறிகொடுத்தவள் “நெஞ்சு நோகுது” என வந்தால், இரண்டு பனடோலைக் கொடுத்தனுப்புவது வைத்தியமாகுமா?

ஆயினும் நூலின் உபதலைப்புத் தமிழரோடு நின்றுவிடுகின்றது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிற் கொல்லப்பட்டோரின் தாய்மாருக்கும் நெஞ்சு அவ்வாறே நோகும். நமது கதாசிரியரோ வாவியின் இருகரைத் தாய்மாரையும் அழவைப்பதோடு அமைகின்றனர். ஆண்டுகள் பல கழிந்தும் கிளினிக் வரிசையில் அவர்கள் அருகருகே காத்திருப்பதை எழுதுவார் அரியர்.