அரச மாற்றமும் புலவனின் பற்றுறுதியும்: கபிலர் பற்றிய ஒரு மறுநோக்கு

சீனத்தின் சொங் அரசமரபு 1279 ஆம் ஆண்டு மங்கோலியரிடம் முற்றாக வீழ்ந்தபோது, கற்றோராகவும் அதிகாரிகளாகவும் கவிஞராகவும் ஒருங்கே விளங்கியோர் முன் ஒரு வினா எழுந்தது. புதிய அரசுக்குப் பணிபுரிவதா, விலகி நிற்பதா என்பதே அது. வென் தியன்சியாங் பணிய மறுத்து 1283 இல் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். சொங் அரச குலத்தவரான சாவோ மெங்ஃபூவோ புதிய அரசில் உயர்பதவி வகித்தார். பிற்காலத்தார் முன்னவரைப் போற்றினர், பின்னவரை ஐயுற்றனர். இதனையொத்த சிக்கலொன்று தமிழிற் கபிலரிடத்துக் காணப்படுகின்றது.

மூவேந்தர் பறம்பை முற்றியபோது பாரியின் பக்கம் நின்றவர் கபிலர். பாரி மறைந்தபின் அவன் மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்றார்; இருவரும் மறுத்தனர். வேளிர் குலத்தானொருவனே மறுத்தமை, குறுநிலத் தலைவரிடையே நிலவிய பழைய பிணைப்புத் தளர்ந்துவிட்டதைக் காட்டும். வேந்தர் ஆட்சி விரிவடைய வேளிர் ஆட்சி சிதைந்த காலகட்டம் அது.

இக்கபிலரே பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திற் சேரமான் செல்வக்கடுங்கோவைப் பாடியுள்ளார். பறம்பை முற்றிய மூவேந்தருள் ஒருவரின் மரபு சேர மரபு. நூறாயிரம் காணமும் குன்றேறிக் கண்ட நாடும் பரிசிலாகப் பெற்றாரெனப் பதிகம் கூறும். இதனை நன்றி மறந்த செயலென்பதோ, புலவர் பெருமையென மழுப்புவதோ வரலாற்று நோக்காகாது.

சீன அதிகாரி தேர்வின்வழிப் பதவி பெற்று அரசிடம் ஊதியம் வாங்கியவன். அவன் கடப்பாடு அரசமரபு என்னும் நிறுவனத்துக்குரியது. கபிலரின் கடப்பாடோ பாரி என்னும் மனிதனுக்கும் அவன் கொடைக்குமுரியது. முந்நூறு ஊரும் பரிசிலர்க்கே போயின எனப் புறநானூறு 110 ஆம் பாடல் கூறுகின்றது. கொடுப்பவனையே வறியனாக்கும் கொடை அது. வேந்தன் கொடையின் ஊற்றுக்கண் வேறு. ஏழாம் பத்தின் முதற் பாடலிற் பாரியின் மறைவைக் கூறி, இரக்க வரவில்லை என்று அறிவித்தபின், சேரனைப் புலால் நாறும் பாசறையிற் காட்டுகின்றார் கபிலர். புகழ்ச்சியினூடே அச்செல்வத்தின் பிறப்பிடமும் பதிவாகிவிடுகின்றது. பழைய உலகின் இழப்பும் புதியதன் தவிர்க்கவியலாமையும் ஒரே பாடலில் அருகருகே நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முரண்பாட்டைப் பிற்கால மரபு மரணத்தாற் தீர்த்துக்கொண்டது. புறநானூறு 236 ஆம் பாடல் வடக்கிருந்தபோது பாடியதெனக் குறிக்கப்பட்டுள்ளது. முதலாம் இராசராசன் காலத் (985-1014) திருக்கோவலூர்க் கல்வெட்டோ, கபிலர் பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துத் தீப்புகுந்தாரெனக் கூறுகின்றது. அக்கல்வெட்டு மன்னனின் தாய் பிறந்த மலையமான் குலத்தைப் புகழ்வது. வேந்தரை எதிர்த்தவன்பாற் புலவன் கொண்ட பற்று, பேரரசொன்றின் குலப்பெருமைக்கு அணியாயிற்று!

இவ்வினா பழங்கதையன்று. கல்முனைப் பிரதேசத்தில் எழுத்தாளர் சங்கம் நடத்திய நீலாவணன் உட்பட, நம் கவிஞருட் பலர் அரச சம்பளம் பெற்ற ஆசிரியரே. ஆட்சிகள் மாறும்போது அவர்களை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? யாரைப் பாடினர் என்பதோடு நின்றுவிடாது, பாடியபோது எதனை மறைக்க மறுத்தனர் என்பதையும் ஆராய்தல் வேண்டும். கபிலர் நமக்குத் தரும் அளவுகோல் இதுவேயாகும்.