காய்ச்சிய தப்பின் குரல்

பீர்மேட்டில் ஆனி, ஆடி மாதங்களில் தப்பு என்ற தோல்கருவி அடிப்பவருக்கு முதல் வேலை தீ மூட்டுவதுதான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழை ஏறி வந்து நிற்கும் மலை. காற்றே ஈரமாக இருக்கும்போது தோல் தொய்ந்துபோகும். அடித்தால் 'தொப்'பென்று விழும். தேயிலைக் கவாத்தில் வெட்டிப்போட்ட குச்சிகளைக் காயவைத்துக் கொளுத்தி, அந்த வாட்டத்தில் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அதே தோல் கணீரென்று பேசும்.

அந்தக் கணீரைக் கணினிக்குள் கொண்டுவர முயன்றபோதுதான், ஓர் அடிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பை இங்கே லயம் என்பார்கள். ஒரு லயத்து வாசலில், மாரியம்மன் திருவிழாவுக்கு அடிக்கும் பெரியவர் ஒருவர் எனக்காக ஒரு மாலைப்பொழுது முழுக்க அடித்துக் கொடுத்தார். பதிந்ததைத் துண்டு துண்டாக நறுக்கி, ஹைட்ரஜன் என்ற இலவச டிரம் மென்பொருளில் ஏற்றினேன். நல்ல அடியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பதினாறு கட்டங்களில் வரிசையாக வைத்து ஓட்டினேன். தையல் மிஷின் ஓடுவதுபோல் இருந்தது. தனியாகக் கேட்டால் அத்தனை அழகான அடி, பதினாறு முறை மாறாமல் வந்ததும் செத்துப்போயிருந்தது.

கை ஒருபோதும் ஒரே இடத்தில் இரண்டு முறை விழுவதில்லை. ஓர் அரை விரற்கடை தள்ளி விழும்; குச்சி இம்மி சாய்ந்திருக்கும். அந்த வேற்றுமையைக் காது தனியாக எண்ணுவதில்லை, ஆனால் அது இல்லாதபோது உடனே கண்டுகொள்கிறது. ஒரே பலத்தில் அடித்த எட்டு அடிகளைப் பொறுக்கி, மாறி மாறி ஒலிக்கவிட்டேன். ரவுண்ட் ராபின் என்று இத்துறையில் சொல்லும் முறை இது. மிஷின் நின்றது, கை வந்தது.

1980இல் ரோஜர் லின் கொண்டுவந்த எல்எம்-1 என்ற கருவிதான் நிஜ டிரம் ஒலிகளை நினைவகத்தில் வைத்து வாசித்த முதல் டிரம் மெஷின். அன்றைக்கு நினைவகம் அவ்வளவு விலை. நீண்டு அதிரும் க்ராஷ் சிம்பலுக்கு அதில் இடமே இல்லை. இன்று ஓர் அடிக்கு எட்டு வடிவம் வைக்க நாம் யோசிப்பதே இல்லை. அந்த எட்டில் எது எது என்று கேட்டுப் பொறுக்கும் பொறுமை மட்டும்தான் இன்றைக்கு விலை.

அடுத்தது பலம். 1983இல் வந்த மிடி முறை, ஓர் அடியின் வேகத்தை 1 முதல் 127 வரை எண்ணால் குறிக்கிறது. எண்ணைக் குறைத்தால் சத்தம் குறையும். ஆனால் மெல்ல அடித்த தப்பு என்பது சத்தம் குறைந்த தப்பு அல்ல. மெல்ல அடிக்கும்போது உச்சத்துச் சிலம்பல் எழுவதில்லை. தோலின் அடிக்குரல் மட்டும் உருண்டு வரும். பலமாக அடித்ததை எடுத்து ஒலியைத் தணித்தால், பக்கத்துத் தெருவில் யாரோ ஆவேசமாக அடிப்பதுபோல் கேட்கிறது. அருகில் உட்கார்ந்து ஒருவர் மெல்ல அடிப்பது வேறு. அதனால் மெல்லடி, நடுவடி, பலத்த அடி என்று தனித்தனியே பதிந்து அடுக்க வேண்டியிருந்தது.

தப்புக்கு இரண்டு குச்சி. இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் சேர்ந்து விழும் அடிக்குத் 'தீம்' என்று பெயர். நானும் இரண்டு ஒலியையும் ஒரே புள்ளியில் வைத்தேன். தடித்த ஒற்றை அடியாகிப் போனது. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெரியவரின் சிண்டு ஒரு நூலிழை முந்தி இருக்கிறது. சிண்டை 10 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளினேன். ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. இரண்டு கைகளும் திரும்பக் கிடைத்துவிட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ தள்ளாடியது. எங்கே என்று பிடிபடவில்லை. பெரியவரிடமே போட்டுக் காட்டினேன். இரண்டு சுற்று கேட்டார்.

"தம்பி, இது காய்ச்சின கையோட அடிச்சது. நடுவுல வருதே, அது நாம டீ குடிச்சதுக்கப்புறம் அடிச்சது. ரெண்டையும் கலந்து வச்சிருக்கீங்க."

பதிவுகளின் நேரத்தைப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. மழை ஈரத்தில் தோல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. சூடான அடியும் ஆறிய அடியும் மாறி மாறி வந்ததுதான் தள்ளாட்டம்.

ஆறிய அடிகளின் சுருதியை மென்பொருளில் ஏற்றிப் பார்த்தேன். தப்பே சின்னதாகிவிட்டதுபோல் கேட்டது. மென்பொருளின் சுருதித் திருகைத் திருப்பினால் தோலோடு சேர்ந்து அதைத் தாங்கும் கட்டையின் குரலும் ஏறிவிடுகிறது. தீ ஏற்றுவது தோலை மட்டும். கட்டை தன் குரலிலேயே நிற்கிறது. தோல் ஏறியும் கட்டை ஏறாமலும் நிற்கும் அந்த இடைவெளிதான் நாம் கேட்கும் 'கணீர்'. அதைத் திருகால் செய்ய முடியாது என்று தெரிந்தபோது, கவாத்துக் குச்சியின் மேல் எனக்கு வந்த மரியாதை பெரிது.

எதிர்மேட்டின் எதிரொலியையும் விடவில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளியுள்ள தேயிலைச் சரிவில் பட்டுத் திரும்ப ஒரு நொடி ஆகிறது. எதிரொலியை அந்த ஒரு நொடிக்கு வைத்து, உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மழுக்கினேன். திறந்த மலைச்சரிவு அப்படித்தான் பதில் சொல்லும்.

கடைசியில் அடிகளைச் சூடு, வெதுவெதுப்பு, ஆறியது என்று மூன்று வரிசையாகப் பிரித்தேன். பாட்டு சூட்டில் தொடங்கும். போகப் போக வெதுவெதுப்புக்கு இறங்கும்; பிறகு தோல் தொய்யும். திருவிழா இரவில் ஊர்வலம் நகர நகரக் கேட்பதும் அதுதான். தோல் தொய்ந்த இடத்தில், பாட்டில் நான்கு சுற்றுக்குத் தப்பே இல்லை. தகரக் கூரையில் விழும் மழை மட்டும். அது தீ மூட்டும் நேரம். ஐந்தாவது சுற்றின் முதல் தட்டில், சூடான வரிசையிலிருந்து ஒரு தீம்.