பத்தாவது சுற்றிலும் அதே பெடல்

பந்தயத் தடத்தின் பிட் பகுதியில் நடக்கும்போது பெரும்பாலோர் கண் சக்கரத்துக்குள் பளபளக்கும் சிவப்பு காலிப்பரில் நின்றுவிடும். என் கண் அதைத் தாண்டி டிஸ்கின் முகத்துக்குப் போகும். நன்றாகப் பழகிய டிஸ்க், உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை நீலம் கலந்த ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆறியபின் நகத்தால் தடவிப் பார்த்தால் எங்கும் இடறாது. ஓரிடத்தில் மட்டும் பேட் வடிவத்தில் கருந்திட்டு படிந்திருந்தால், ஓட்டியவர் சூடு தணியாமல் உள்ளே வந்து பிரேக்கை மிதித்தபடியே நின்றிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். உட்பக்கம் தேய்ந்து வெளிப்பக்கம் தேயாமல் இருந்தால், காலிப்பரின் சறுக்குப் பின்கள் கிரீஸ் இல்லாமல் இறுகிக் கிடக்கின்றன.

நல்ல பிரேக்குக்கு என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். முதல் சுற்றில் காலுக்குக் கிடைத்த பெடல், பத்தாவது சுற்றிலும் அதே உயரத்தில், அதே இறுக்கத்தில் கிடைக்க வேண்டும். காரை நிறுத்துவது கடைசியில் டயர்தான். டயரைப் பூட்டுமளவுக்கு, அல்லது ஏ.பி.எஸ். வேலை செய்யுமளவுக்கு, கம்பெனி பிரேக்கிலேயே பலம் இருக்கிறது. பெரிய பிரேக் போட்டதால் மட்டும் நிற்கும் தூரம் குறைந்துவிடாது. தடத்துக்கான பிரேக் தரும் இரண்டு வரங்கள் வேறு: வெப்பத்தைத் தாங்கும் திராணி, காலுக்குக் கிடைக்கும் நுட்பம்.

வெப்பம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்தக் கலையின் மீது மரியாதை வரும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் இருக்கிறது. 1990-இல் தொடங்கியது, சுற்று 3.717 கிலோமீட்டர். அங்கே ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சின்ன கார், 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 9.6 லட்சம் ஜூல் ஆற்றல் மூன்று நான்கு நொடிகளில் வெப்பமாக மாற வேண்டும். ஏறக்குறைய எழுபது சதவீதம் முன் பிரேக்குகளின் பங்கு. முன் டிஸ்க் ஒன்று ஐந்து கிலோ என்றால், ஒரே மிதியில் அது 140 டிகிரி அளவுக்குச் சூடேறும். அந்தச் சூடு இறங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அதற்குள் அதற்கடுத்தது. வேகம் இரட்டிப்பானால் வெப்பம் நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஊர்ச் சாலையில் பத்து வருஷம் குறையே சொல்லாத பிரேக் தடத்தில் நான்காவது சுற்றில் கைவிடுவது ஏன் என்று விளங்கும்.

கைவிடுவதிலும் இரண்டு விதம் உண்டு. இரண்டையும் கால் பிரித்தறிய வேண்டும். பெடல் கல் மாதிரி இறுகியே இருக்கிறது, ஆனால் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் மெத்தென்று அமிழ்ந்து தரைவரை போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இரண்டாவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். காலிப்பருக்குள் ஆவிக்குமிழி உருவான கணத்தில் காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. பேடுக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை.

சாதாரண டாட் 4 ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், விதி கேட்கும் கொதிநிலையே 155-க்கு இறங்கிவிடுகிறது. பந்தயத்துக்கென்று தயாரிக்கும் ஆயில்களின் புதுநிலைக் கொதிநிலை 300-ஐத் தாண்டும்; அவையும் ஈரம் குடிப்பவைதான். சென்னை போன்ற கடலோர ஊரில், மூடி திறந்து வைத்த பாட்டிலை அடுத்த மாதம் எடுத்து ஊற்றுவதில் அர்த்தமே இல்லை. சின்ன பாட்டிலாக வாங்குங்கள், மிஞ்சியதைச் சேர்த்துவைக்காதீர்கள்.

ஆயில் மாற்றும் வேலையை அருகில் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒருவர் காருக்குள், ஒருவர் சக்கரத்தடியில். “தம்பி, அமுக்கு… புடி… புடி… இப்ப விடு” என்று கீழிருந்து குரல் வரும். ‘புடி’ என்ற நேரத்தில் நிப்பிள் கால் திருகு திறந்து, மூடியபின்தான் ‘விடு’. அந்த ஒழுங்கு ஒருமுறை தப்பினாலும் காற்று உள்ளே போய்விடும். கண்ணாடிபோன்ற குழாயில் முதலில் கருத்த ஆயில் வரும், நடுவில் பொடிப்பொடியாகக் குமிழிகள், பிறகு வெளிர் மஞ்சளில் புது ஆயில். நல்ல மெக்கானிக் புது நிறம் வந்ததும் நிறுத்திவிட மாட்டார். காலிப்பரை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசிக் குமிழியையும் வெளியே வரவழைப்பார்.

பேட் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் ரசனை முழுமையாக வேலை செய்கிறது. சாலை பேட் காலையில் குளிர்ந்திருக்கும்போதே பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்கை அதிகம் தின்னாது. தட பேட் குளிரில் கொஞ்சம் மந்தமாக இருக்கும், கீச்சிடும், சக்கரமெல்லாம் கரும்பொடி பூசும். ஆனால் சூடேறியபின் கால் கேட்பதை அப்படியே கொடுக்கும். சில பேடுகள் தொட்டதும் கவ்வும். சில, அழுத்த அழுத்த ஏறும். எனக்கு இரண்டாவது வகைதான் உயர்ந்தது. முதல் வகை புதியவர்களை மகிழ்விக்கும். ஆனால் வளைவுக்குள் நுழைந்தபடியே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு போகும் கட்டத்தில் அது காலோடு ஒத்துப்போகாது. விடும்போது எவ்வளவு நிதானமாக விடுகிறது என்பதில்தான் ஒரு பேடின் தரம் தெரியும். விளம்பரங்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பேடும் டிஸ்கும் ஒன்றையொன்று சுரண்டுவது மட்டுமே பிரேக் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டில் பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்கின் மேல் படிகிறது. அதன் பிறகு உராய்வின் பெரும்பங்கு, பேடுக்கும் அந்தப் படலத்துக்கும் நடுவே நடப்பது. புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் புது பேடையும் டிஸ்கையும் பழக்க வேண்டும்: நடுத்தர வேகத்திலிருந்து பலமுறை அழுத்தி இறக்கி, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றி, கடைசியில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது. இதைச் செய்யாமல் நேரே தடத்தில் இறங்கினால், புது பேடில் உள்ள பிசின் முதல் பெரிய சூட்டில் வாயுவாக வெளியேறி, பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே நின்று பிடிமானத்தைக் கெடுக்கும். படலமும் திட்டுத்திட்டாகவே படியும்.

பெடல் அதிர்ந்தால் உடனே “டிஸ்க் வளைந்துவிட்டது” என்பார்கள். பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித் இதை ஒரு கட்டுக்கதை என்றே எழுதிவைத்தார். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. பேடின் பொருள் சீரில்லாமல் ஒட்டிக்கொண்டதால்தான் அந்த அதிர்வு. அப்படியே விட்டால் ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிட அதிகம் சூடேறி, வார்ப்பிரும்பின் தன்மையே அங்கே மாறிக் கெட்டியாகிவிடும். பிறகு கடைந்தெடுத்தாலும் தொல்லை திரும்பி வரும். சூடான காரை நிறுத்திவிட்டு பிரேக்கில் கால் வைத்திருக்காதீர்கள், ஹேண்ட்பிரேக் போடாதீர்கள் என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

டிஸ்கிலேயே ரசிக்க நிறைய இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள தடுப்புகள், சுழலும்போது மையத்திலிருந்து காற்றை இழுத்து வெளி விளிம்பில் வீசுகின்றன. நல்ல டிஸ்கில் அந்தத் தடுப்புகள் வளைந்திருக்கும். அதனால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி டிஸ்க் வேண்டும். காற்றுக் குழாய் அமைப்பவர்கள் காற்றை டிஸ்கின் ஒரு முகத்தில் அடிக்காமல் மையத்துக்கு ஊட்ட வேண்டும் என்பதும் இதை வைத்துத்தான். துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு. தடத்திலோ விரிசல் துளையிலிருந்தே தொடங்குகிறது. கீறல் வெட்டிய டிஸ்க் நீடிக்கும். விளிம்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று வெப்ப வண்ணக் கோடுகள் தீட்டி ஓட்டிவிட்டு வந்தால், 430, 560, 610 டிகிரிகளில் எதுவரை போனது என்று வெளுத்த கோடே சொல்லும். பேடைத் தேர்ந்தெடுக்க அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

பிரேக் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு 1953 லெ மான் பந்தயமே சான்று. டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப்பில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் வென்றார்கள். அந்தப் பந்தயத்தில் மணிக்கு 100 மைல் சராசரி தாண்டப்பட்டது அதுவே முதல்முறை. டிரம் பிரேக்கோடு நின்ற போட்டிக் கார்கள் நேரம் போகப்போக முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருந்தது. ஜாகுவாருக்கு அந்தக் கவலை மிகக் குறைவு. இரண்டு வருஷம் கழித்து அதே லெ மானுக்கு டிரம் பிரேக்கோடு வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர்., இருக்கைகளுக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் பலகையைத் தூக்கி நிறுத்தி வேகத்தைக் குறைத்தது.

காலிப்பரைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். நான்கு பிஸ்டன், ஆறு பிஸ்டன் காலிப்பர்கள் பேடைச் சமமாக அழுத்தும், வளையாது, உண்மைதான். ஆனால் முன்னால் மட்டும் பெரிதாக மாட்டினால் முன் பின் சமநிலை குலையும். பிஸ்டன் பரப்பு கூடினால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதாமல் பெடல் நீளும். நம் ஊரில் தடத்துக்கு வரும் சின்ன கார்கள் பலவற்றுக்குப் பின்னால் டிரம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, லைனரைச் சரியாகப் பராமரித்தால் அதன் பங்கை அது செய்துவிடும்.

அடுத்த தட நாளுக்கு முன் உங்களிடம் இருக்கும் பணத்தை காலிப்பருக்குச் சேர்த்துவைக்காமல், தட பேடும் புது ஆயிலும் வாங்கி, பேடை முறையாகப் பழக்கி ஓட்டிப் பாருங்கள். பேட் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள். மெலிந்த பேட் சூட்டை நேரே ஆயிலுக்குக் கடத்தும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஆறவிட்டு உள்ளே வாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு இதுவே போதும்.