வேற்றுக் கருவியில் வீட்டு இசை: கத்ரி கோபால்நாத் – ஒரு மதிப்பீடு

நெல்லையப்பர் ஆலயத்து மணிமண்டபத்தின் தூண்களைத் தட்டினால் கல்லிலிருந்து சுரம் எழும். கருவி எதனால் ஆனது என்பதைவிட, அதிலிருந்து என்ன இசை பிறக்கிறது என்பதே முதன்மையானது என்பதற்குத் தாமிரபரணிக் கரை தரும் சான்று அது. இன்று நம் வட்டாரத் திருமணப் பந்தல்களில் தவிலுக்கு அருகே பொன்னிறச் சாக்சபோன் ஒலிக்கிறது. பங்குத் திருவிழாச் சப்பரத்தின் முன்னே செல்லும் பேண்டு வாத்தியக் குழுவிலும் அதைக் காண்கிறோம். இந்த வேற்றுநாட்டுக் கருவி நம் இசைக்குள் வந்து அமர்ந்தது வளர்ச்சியா, இழப்பா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் கத்ரி கோபால்நாத்தின் (1949–2019) இசைவாழ்வை ஆராயாமல் இருக்க இயலாது.

பெல்ஜிய நாட்டவரான அடோல்ப் சாக்ஸ் 1846-இல் பாரிஸ் மாநகரில் உரிமை பெற்ற கருவி இது. உடல் பித்தளையே ஆயினும் ஒலி பிறப்பது நாணல் தட்டையிலிருந்துதான்; ஆகவே நம் நாகசுரத்திற்கு இது முற்றிலும் அந்நியமன்று. இராணுவ வாத்தியக் குழுக்களில் வளர்ந்த இக்கருவியை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் துயரையும் களிப்பையும் பேசும் குரலாக்கினர். அவ்வாறு வளர்ந்த ஜாஸ் இசையில், கலைஞர் எழுதிவைத்ததை மட்டும் வாசிப்பதில்லை; அந்தக் கணத்தில் தம் உள்ளத்தில் எழுவதை வாசிக்கிறார். நாம் மனோதர்மம் என்று போற்றுவதற்கு நெருங்கிய உறவு அது.

கோபால்நாத் தென்கன்னட மாவட்டத்துச் சஜிபமூடாவில் பிறந்தவர். தந்தை தனியப்பா நாகசுரக் கலைஞர். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்ட சிறுவனின் மனம் அதிலேயே நிலைத்துவிட்டது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் அவர் பயின்றார்.

அவர் எதிர்கொண்ட இடர் எளியதன்று. நாகசுரத்தின் துளைகள் திறந்தவை. விரலைச் சற்றே நகர்த்தியும் மூச்சை ஏற்றி இறக்கியும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். சாக்சபோனிலோ துளைகளை மூடித் திறப்பவை விசைகள். ஒவ்வொரு சுரமும் படிக்கட்டுப்போலத் தனித்து நிற்கும். கருநாடக இசையின் உயிரான கமகமோ சுரங்களுக்கு இடையில் வாழ்வது. இல்லாத அந்த வழியை இதழாலும் தாடையாலும் மூச்சாலும் அவர் உண்டாக்கினார். ராகத்தைக் கருவிக்கு ஏற்பச் சுருக்காமல், கருவியை ராகத்திற்குப் பணியவைத்தார். அவருடைய சாதனையின் சாரம் இதுவே என்பது நம் கருத்து.

ஜாஸ் கலைஞர்களோடு அவர் கொண்ட உறவையும் இவ்வொளியிலேயே நோக்கவேண்டும். 1980-இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்கச் சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டியோடு அவர் வாசித்தார். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிபிசி நிறுவனத்தின் இசைவிழாவில் அவர் வாசித்தது கருநாடக இசைக்கே கிடைத்த பெருமை. ஆனால் இச்சந்திப்புகளில் உச்சமாக நாம் கருதுவது 2008-இல் வெளிவந்த 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தட்டு. 'உறவினர்' என்பது அதன் பொருள். அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளிக் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கோபால்நாத்தும் அதில் இணைந்து வாசித்தனர், ஏ. கன்யாகுமரியின் வயலினும் உடன் ஒலிக்கிறது. ஒருவர் ஜாஸ் மரபில் ஊன்றியவர். மற்றவர் சுருதியை விட்டு அகலாதவர். இருவர் கையிலும் ஒரே கருவி. ஆயினும் எக்குரல் எவருடையது என்பதில் நமக்கு ஐயம் எழுவதில்லை. தன் வீட்டை மறவாதவனே அடுத்த வீட்டில் நல்ல விருந்தாளியாக இருக்கமுடியும் என்பதை இவ்விசை உணர்த்துகிறது.

குறைகளும் சொல்லப்படவேண்டும். இத்தகைய கூட்டுக் கச்சேரிகள் சிலவற்றில் வேகத்திற்கு வேகம் பதில் சொல்லுமேயன்றி, உள்ளத்திற்கு உள்ளம் பதில் சொல்வதில்லை. கைதட்டல் பெருகும், ராகம் மெலியும். 1994-இல் வந்த 'டூயட்' திரைப்படம் ஏ. ஆர். ரகுமானின் இசையில் இவருடைய வாசிப்பைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது. அது பெரும்பணி. ஆயினும் சாக்சபோன் என்றாலே காதல் சோகம் என்ற எண்ணத்தை அது பலரிடம் பதித்துவிட்டது. அவருடைய விரிவான ஆலாபனைகளைக் கேட்டவர்கள் அக்கருவிக்குள் அமைதியும் கம்பீரமும் இருப்பதை அறிவார்கள்.

இனி, நம்மை உறுத்தும் வினாவுக்கு வருவோம். நம் ஆற்றங்கரையில் பிறந்தவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் வழியே வீடுதோறும் ஒலித்தவர். அத்தகைய மேதைகள் இருந்தும், நாகசுரக் கலைஞர்கள் நெடுங்காலம் கோயில் வாசலிலும் ஊர்வலத்திலும் நின்றபடி வாசித்தனர்; சாதியின் பெயரால் சமமான இருக்கை மறுக்கப்பட்டனர். சாக்சபோன் மீது அத்தகைய சாதி முத்திரை எதுவும் இருக்கவில்லை. நாகசுரக் கலைஞரின் மகன் சபா மேடையின் நடுவில் அமர, வெளிநாட்டுக் கருவி ஒன்று துணைநின்றது என்பதைக் கோபால்நாத்தின் பெருமையாகக் கொள்ளலாம். நம் சமூகத்தின் பெருமையாகக் கொள்ள இயலாது.

ஊதாரி மைந்தன் உவமையில், வீட்டுக்குள்ளிருந்து வந்த ஆடல்பாடலின் ஒலியைக் கேட்டு வெளியே நின்றுவிட்ட மூத்த மகனை நாம் அறிவோம். தன் சினத்தால் நின்றவன் அவன். நாகசுரக் கலைஞரை வெளியே நிறுத்தியதோ சமூகம். உவமையின் தந்தை உள்ளிருந்த விருந்தைக் கலைக்கவில்லை. மூத்தவனையும் அழைக்க வெளியே வந்தார்.

கோபால்நாத்தின் வாழ்வு கேட்பதும் அதுவே. சாக்சபோனை வெளியேற்ற வேண்டியதில்லை. அது தன் தவத்தால் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அடுத்த திருமணத்திலோ திருவிழாவிலோ நாகசுரக் கலைஞர் வரும்போது, அவருக்கும் நல்ல இருக்கை இடுவோம்; உரிய ஊதியம் தருவோம்; அவர் ஆலாபனை முடியும்வரை நம் பேச்சை நிறுத்திக் கேட்போம்.